போதையிலிருந்து மீண்டு வரும்போது பழைய பிடிவாரண்ட் துரத்துகிறதா? கோர்ட்டில் என்ன செய்யணும்? முழு விவரம்

குடியை விட்டு நாலு மாசம் ஆகிறது. கை நடுக்கம் நின்றுவிட்டது. மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் வேலையும் கிடைத்துவிட்டது. ஒரு நாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து ஒரு காவலர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். "உங்க பையன் பேர்ல வாரண்ட் இருக்கும்மா. கோர்ட்டுக்கு வரச் சொல்லுங்க."

இது ஒரு உதாரணக் காட்சிதான். ஆனால் குடி, கஞ்சா, மாத்திரை என்று சில வருடங்களைத் தொலைத்தவர்களின் வீடுகளில் நடக்கக்கூடியது. போதையில் இருந்த காலத்தில் போட்ட வழக்கு, போகாமல் விட்ட வாய்தா, கையெழுத்துப் போட மறந்த நாட்கள் எல்லாம் சேர்ந்து, மனுஷன் திருந்தி நிற்கும் நேரத்தில் கதவைத் தட்டும்.

அப்போது வரும் முதல் யோசனை, "எங்கயாவது போயிடலாமா?" இரண்டாவது யோசனை, "ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் தாங்கும்." இரண்டுமே ஆபத்து. உண்மையில் பிடிவாரண்ட்டை ரத்து செய்யச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. சிகிச்சை எடுத்த ஆதாரம் கையில் இருந்தால் அந்த வழி இன்னும் கொஞ்சம் சுலபம். என்ன செய்யணும், எதைச் செய்யக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிடிவாரண்ட் என்றால் என்ன?

"இந்த நபரைப் பிடித்து என் முன்னால் ஆஜர்படுத்துங்கள்" என்று நீதிமன்றம் போலீசுக்கு எழுத்துப்பூர்வமாகப் போடும் உத்தரவுதான் பிடிவாரண்ட். பிடியாணை என்பதும் இதுதான். அதில் நீதிபதியின் கையெழுத்தும் நீதிமன்ற முத்திரையும் இருக்க வேண்டும்.

இதில் இரண்டு வகை உண்டு.

ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட்: பிடிக்க வரும் போலீசாரிடமே பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து, "இந்தத் தேதியில் கோர்ட்டுக்கு வருகிறேன்" என்று உறுதி சொன்னால் விட்டுவிடலாம். அதற்கான தொகையும் ஜாமீன்தாரர் எண்ணிக்கையும் வாரண்ட்டிலேயே எழுதியிருக்கும்.

ஜாமீனில் வெளிவர முடியாத வாரண்ட்: இதில் போலீசாருக்கு விடுகிற அதிகாரம் கிடையாது. பிடித்து நீதிபதி முன்னால்தான் நிறுத்த வேண்டும். செய்திகளில் பொதுவாக "பிடிவாரண்ட்" என்று வருவது பெரும்பாலும் இதைத்தான்.

எடுத்தவுடன் இரண்டாவது வகையைப் போடக் கூடாது என்பது உச்ச நீதிமன்றம் 2007-ல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் சொன்னது. முதலில் சம்மன், அதற்கும் வராவிட்டால் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் வராவிட்டால் கடைசியாகத்தான் இது. ஆனால் ஒருவர் ஏற்கெனவே ஜாமீனில் வந்து, "ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆஜராவேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வராமல் போனால், நீதிமன்றம் அவ்வளவு பொறுமை காட்டாமல் போகலாம்.

வாய்தா தவறினாலே வாரண்ட்டா?

ஆமாம். பெரிய குற்றவாளிகளுக்குத்தான் வாரண்ட் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும் ஒரு வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். 2021 ஜூலையில் மாமல்லபுரம் அருகே சூளேரிக்காடு பகுதியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடிகை யாஷிகா ஆனந்த் ஓட்டி வந்த கார் விபத்தில் சிக்கியது. அவருடைய தோழி உயிரிழந்தார். வழக்கு செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. 2023 மார்ச் மாதம் நடந்த விசாரணைக்கு யாஷிகா ஆஜராகவில்லை. நீதிமன்றம் பிடிவாரண்ட் பிறப்பித்தது. இந்த வழக்குக்கும் போதைப் பழக்கத்துக்கும் சம்பந்தமில்லை. இங்கே சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான்: வாரண்ட் வந்தது குற்றம் நிரூபணமானதால் அல்ல, வரவேண்டிய நாளில் வராததால். சினிமாக்காரருக்கும் மீன்பிடித் தொழிலாளிக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

போதைப் பழக்கத்தில் இருப்பவருக்கு வாய்தா தவறுவது இன்னும் எளிது. தேதி மறந்துபோகும். சம்மன் பழைய முகவரிக்குப் போகும். வக்கீலின் போன் நம்பர் தொலைந்திருக்கும். சிலர் வாய்தா தேதியில் மறுவாழ்வு மையத்துக்குள்ளேயே இருப்பார்கள். பல மையங்களில் ஆரம்ப நாட்களில் செல்போன் தருவதில்லை, வெளியே விடுவதும் இல்லை. வெளியே வந்து பார்த்தால் வாரண்ட் காத்திருக்கும்.

எந்த மாதிரி வழக்குகளில் இப்படி நடக்கிறது?

குடித்துவிட்டு வண்டி ஓட்டியது: மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். திரும்பவும் மாட்டினால் 15,000 ரூபாய், 2 வருடம் வரை போகும்.

அடிதடி, மிரட்டல், பொது இடத்தில் தகராறு: டாஸ்மாக் வாசலில் தொடங்கி ஸ்டேஷனில் முடிகிற வழக்குகள்.

கஞ்சா உள்ளிட்ட போதைப்பொருள் வழக்கு: இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கீழே விரிவாகப் பார்க்கலாம்.

செக் திரும்பிய வழக்கு: போதைக்காக வாங்கிய கடன் இங்கே வந்து நிற்கும்.

ஜீவனாம்சம்: மனைவி, பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்ன தொகையைக் கட்டாவிட்டால் நீதிமன்றம் வாரண்ட் போடலாம். அப்புறமும் கட்டாவிட்டால் பாக்கி இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

"கொஞ்ச வருஷம் போனா வாரண்ட் தானா செத்துடும்" – உண்மையா?

இல்லை. இதுதான் மக்களிடம் இருக்கும் மிகப் பெரிய தவறான நம்பிக்கை.

வாரண்ட்டுக்குக் காலாவதி தேதி கிடையாது. 2024 ஜூலை 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., அதன் 72-வது பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரை, அல்லது போலீசார் அதை நிறைவேற்றும் வரை வாரண்ட் உயிரோடுதான் இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே 70-வது பிரிவு. வாரண்ட்டை ரத்து செய்யக் கேட்கும் மனுவைக் கோர்ட் வளாகத்தில் இன்றைக்கும் "70(2) மனு", "ரீகால் மனு" என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்.

தள்ளிப்போட்டால் என்னவெல்லாம் நடக்கலாம்?

ஜாமீன் ரத்தாகலாம். உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாமாவுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ நோட்டீஸ் போகும். பிணைத்தொகையை அவர் கட்ட வேண்டிய நிலை வரலாம்.

ஜாமீனில் போய் நியாயமான காரணம் இல்லாமல் ஆஜராகாமல் இருப்பதே தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 269-வது பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறை கிடைக்கலாம்.

இன்னும் வராவிட்டால் "தேடப்படும் நபர்" என்று நீதிமன்றம் அறிவிப்பு வெளியிடும். ஆஜராகக் குறைந்தது 30 நாள் அவகாசம் தரப்படும். அதற்கும் வராவிட்டால் 209-வது பிரிவின் கீழ் 3 வருடம் வரை சிறை. கடுமையான சில வழக்குகளில் 7 வருடம் வரை. சொத்தை முடக்கவும் உத்தரவிடலாம்.

பாஸ்போர்ட்டும் சிக்கலாகும். வாரண்ட் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்க 1967-ம் வருட பாஸ்போர்ட் சட்டத்தில் இடம் இருக்கிறது. வளைகுடா வேலைக்குப் போகத் திட்டமிடுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

ஒரு சின்ன வழக்கில், அபராதம் கட்டினால் முடிந்திருக்க வேண்டிய இடத்தில், ஒளிந்துகொண்டதாலேயே சிறைக்குப் போகும் நிலைமை இப்படித்தான் உருவாகிறது.

சரி, வாரண்ட் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் செயலியிலும் வழக்கின் நிலையைப் பார்க்கலாம். வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண், பெயர், அல்லது ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும். கடைசி வாய்தாவில் என்ன நடந்தது, அடுத்த தேதி என்ன என்பது அதில் வரும்.

அதில் தெளிவாக இல்லையென்றால், வழக்கு நடக்கும் நீதிமன்ற அலுவலகத்தில் வக்கீல் மூலம் விசாரிப்பது நல்லது. செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய வழக்கு என்றால், எஃப்.ஐ.ஆரில் பழைய மாவட்டப் பெயரே இருக்கும். எந்த ஸ்டேஷன், எந்த நீதிமன்றம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், தாம்பரம் என்று மாவட்டத்துக்குள்ளேயே பல இடங்களில் நீதிமன்றங்கள் இருக்கின்றன.

வாரண்ட்டை ரத்து செய்வது எப்படி? படிப்படியாக...

1. முதலில் வக்கீல். பழைய வக்கீல் இருந்தால் அவரையே பாருங்கள். கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச சட்ட உதவிக்கான எண் 15100. 1987-ம் வருடச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள், காவலில் இருப்பவர்கள் என்று பலருக்கும் இது உரிமை, சலுகை அல்ல.

2. ஆவணங்களைச் சேர்த்து வையுங்கள். மருத்துவமனையில் அல்லது மையத்தில் சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி இரண்டும் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் சான்றிதழ், இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, ஆலோசனைக்குப் போய்வரும் அட்டை, ஆதார் நகல். சிகிச்சைத் தேதியும் தவறிய வாய்தா தேதியும் பொருந்தினால், அதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

3. ரீகால் மனு. ஏன் வரவில்லை, இப்போது என்ன நிலை, இனி தவறாமல் வருவேன் என்ற உறுதி ஆகிய மூன்றையும் சொல்லும் மனுவும் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்யப்படும். பொய்க் காரணம் எழுத வேண்டாம். "பாட்டி இறந்துட்டாங்க" என்று எழுதி மாட்டிக்கொள்வதைவிட, "குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சையில் இருந்தேன்" என்ற உண்மையே மேல்.

4. நேரில் ஆஜராவது. பொதுவாக மனுவோடு நீங்களும் நீதிபதி முன் நிற்க வேண்டியிருக்கும். ஜாமீன்தாரர் இரண்டு பேரையும் அவர்களுடைய ஆவணங்களோடு தயாராக வைத்திருங்கள். புதிதாகப் பிணைப்பத்திரம் கேட்டால் அன்றைக்கே முடித்துவிடலாம்.

5. உத்தரவு நகல். வாரண்ட் ரத்தானதும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் தகவல் போய்விட்டதா என்று வக்கீலிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். நகலை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

கடைசி விஷயத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? மும்பையில் ரகுவன்ஷ் பாசின் என்ற வழக்கறிஞருக்கு எதிரான வாரண்ட் 2002 ஆகஸ்ட்டில் ரத்தானது. ஆனால் அதே வாரண்ட்டைக் காட்டி, ஆகஸ்ட் 15 சுதந்திர தினத்தன்று போலீசார் அவரைக் கைது செய்தார்கள். சம்பந்தப்பட்ட இன்ஸ்பெக்டர் 2,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வாரண்ட்டுக்கு எண் போட வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், ரத்தானால் திரும்பப் பெற வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களை வெளியிட்டது அந்த வழக்கில்தான். சட்டம் தெரிந்த வழக்கறிஞருக்கே இந்த நிலைமை என்றால், நாம் நகலைப் பத்திரமாக வைப்பதில் தப்பே இல்லை.

இன்னும் மருத்துவமனையில் இருக்கிறேன், நேரில் போக முடியாது என்றால்?

அதற்கும் வழி இருக்கிறது. சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்ன நெறிமுறை, 2022 ஜூலைத் தீர்ப்பிலும் இடம்பெற்றது. 7 வருடம் அல்லது அதற்குக் குறைவான தண்டனை உள்ள வழக்குகளில், போலீசார் வாரண்ட்டை நிறைவேற்றுவதற்கு முன்பே மனு போட்டு, அடுத்த வாய்தாவுக்கு நேரில் வருவதாக உறுதி கொடுத்தால், நேரில் ஆஜராக வற்புறுத்தாமலே வாரண்ட்டை ரத்து செய்யலாம். அல்லது ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட்டாகவோ சம்மனாகவோ மாற்றலாம். "செய்யலாம்" என்பதைக் கவனியுங்கள். முடிவு நீதிபதியின் கையில்.

இதில் முக்கியமான வார்த்தை "நிறைவேற்றுவதற்கு முன்பே". போலீஸ் பிடிப்பதற்கு முன் நீங்களாகப் போவதற்கும், பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

சிகிச்சைக்குச் சேரும்போதே வழக்கு நிலுவையில் இருப்பது தெரிந்தால், இன்னும் சுலபம். வாய்தாவுக்கு முன்னாலேயே வக்கீல் மூலம் ஆஜர் விலக்கு மனு போடலாம். கோர்ட்டில் "317 மனு" என்பார்கள். புதிய சட்டத்தில் இது 355-வது பிரிவு. காணொலி வழியாக ஆஜராவதும் நேரில் ஆஜராவதாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது. எனவே மையத்தில் சேரும் முதல் நாளே, "எனக்கு இந்தத் தேதியில் கோர்ட் இருக்கு" என்று கவுன்சலரிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி பின்னால் ஒரு கைதைத் தவிர்க்கும்.

சரண்டர் ஆனால் நிச்சயம் உள்ளே போடுவார்களா?

நிச்சயம் என்று சொல்ல முடியாது. நிச்சயம் போடமாட்டார்கள் என்றும் யாரும் உறுதி தர முடியாது. முதல் முறை தவறியது, சின்ன வழக்கு, நியாயமான காரணம், தானாகவே வந்தது – இவை எல்லாம் இருந்தால் எச்சரிக்கையோடு ரத்து செய்வது வழக்கமாக நடப்பதுதான். சில சமயம் ஒரு தொகையைச் செலவுத்தொகையாகக் கட்டச் சொல்வார்கள். பல வருடம் தலைமறைவு, பலமுறை தவறியது, பெரிய வழக்கு என்றால் காவலில் வைக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது ஜாமீன் மனு போட வேண்டும். அதற்கும் தயாராகவே போவது நல்லது: மாத்திரைச் சீட்டு, வீட்டுக்காரர் போன் நம்பர், ஒரு செட் துணி.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. தினமும் குடிப்பவர் கோர்ட்டுக்குப் போகணும் என்பதற்காக முதல் நாள் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்ததிலிருந்து சுமார் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் குழப்பம், இல்லாதது தெரிவது, கடும் காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். காவலில் வைக்கப்பட்டால், பழக்கத்தை மறைக்காமல் நீதிபதியிடமும் சிறை மருத்துவரிடமும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அடிபடுவது உடம்புதான். "தைரியத்துக்கு ஒரு கட்டிங்" போட்டுவிட்டு நீதிபதி முன்னால் போய் நிற்பது எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்லவே வேண்டாம்.

போலீஸ் முதலில் வந்துவிட்டால்? உங்கள் உரிமைகள்

ஓடாதீர்கள், தள்ளுமுள்ளு வேண்டாம். புது வழக்கு சேரும்.

வாரண்ட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் காட்ட வேண்டும். பெயர், வழக்கு எண், நீதிமன்றம் மூன்றையும் பாருங்கள்.

குடும்பத்தில் ஒருவருக்கோ நண்பருக்கோ கைது பற்றித் தகவல் சொல்ல வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை உண்டு.

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்த வேண்டும்.

கைதானவருக்கு மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். அப்போது சிகிச்சை விவரத்தையும் மாத்திரையையும் சொல்லிவிடுங்கள்.

பெண்களை, விதிவிலக்கான சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பிறகும் உதயத்துக்கு முன்னரும் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கு என்றாலும் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் தேவை.

கஞ்சா வழக்கில் சிகிச்சைக்குத் தனிப் பாதுகாப்பு

பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1985-ம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் மீது, போதைப்பொருள் உட்கொண்டதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு இருந்து, அவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்கான வழக்கிலிருந்து பாதுகாப்பு கேட்கலாம். கஞ்சாவுக்குச் சிறிய அளவு என்பது 1 கிலோ. ஹெராயினுக்கு 5 கிராம்.

நிபந்தனை ஒன்று: சிகிச்சையை முழுசாக முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் பாதுகாப்பும் போகலாம். விற்பனை வழக்குக்கு இது பொருந்தாது. 39-வது பிரிவின்படி, தீர்ப்பு குற்றவாளி என்று வந்தாலும், இதே மாதிரி வழக்குகளில் தண்டனைக்குப் பதில் அவரைச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்தால் முடியும்.

ஆனால் இந்தப் பிரிவுகள் வாரண்ட்டைத் தானாக ரத்து செய்துவிடாது. முதலில் ஆஜராகி ரீகால் வாங்கணும். அப்புறம்தான் இதைக் கேட்கணும். மையம் அங்கீகாரம் பெற்றதா என்று சேரும்போதே பார்த்துக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான்.

சிகிச்சை எடுப்பதைச் சொன்னால் அதுவே எதிராகத் திரும்புமா?

நியாயமான பயம். 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதன்படி நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும். சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. அதே சட்டம் உங்களுடைய மருத்துவ ஆவணத்தைக் கேட்டு வாங்கும் உரிமையையும் தருகிறது. எதைக் காட்டுவது, எவ்வளவு காட்டுவது என்பதை வக்கீலோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இந்த மாவட்டத்துக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல

2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியிலும், செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர், பெருங்கரணை பகுதிகளிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வருடமே கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. போதை என்பது ஒழுக்கப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை என்று இந்தக் கடற்கரைக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து ஒருவர் மீண்டு வந்தால், அவரைத் திரும்ப உள்ளே தள்ளும் எந்தக் காரணத்தையும் விட்டுவைக்கக் கூடாது. தீராத வாரண்ட் பயம் அப்படி ஒரு காரணம். கதவு தட்டும் சத்தத்துக்கெல்லாம் நெஞ்சு படபடத்தால் தூக்கம் போகும். தூக்கம் போனால் பழைய பாட்டில் நினைவுக்கு வரும்.

வெளிநாட்டிலும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2005-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், வாரண்ட் உள்ளவர்கள் பயமில்லாமல் வந்து சரணடைய ஒரு தேவாலயத்தில் ஏற்பாடு செய்தார்கள். நான்கே நாளில் 800-க்கும் மேற்பட்டவர்கள் தாங்களாகவே வந்தார்கள். பொது மன்னிப்பு எதுவும் அறிவிக்கவில்லை. மரியாதையாக நடத்துவோம் என்று மட்டும் சொன்னார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

போலீஸ் வந்தால் "அவன் ஊர்லயே இல்ல" என்று பொய் சொல்லாதீர்கள். வழக்கு எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள்.

வந்த சம்மனைப் பீரோவில் ஒளித்து வைக்காதீர்கள். "அவனுக்குத் தெரிஞ்சா திரும்பக் குடிப்பான்" என்ற பயம் புரிகிறது. கவுன்சலரை வைத்துக்கொண்டு பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கு முதலில் தகவல் சொல்லுங்கள்.

கோர்ட்டுக்குப் போகும் நாளில் ஒருவர் கூடப் போங்கள். வெளியே வந்த பிறகு நேராக வீட்டுக்கு வாருங்கள். அன்றைக்குச் சாயங்காலம்தான் குடி ஞாபகம் அதிகம் வரும்.

அடுத்த வாய்தா தேதியை வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

சுருக்கமாக...

வாரண்ட் காலாவதியாகாது. திருந்திவிட்டோம் என்பதால் அது மறைந்துவிடாது. ஆனால் பிடிபடுவதற்கு முன் வக்கீலோடு, சிகிச்சை ஆவணத்தோடு, உண்மையோடு போனால் ரத்தாக வாய்ப்பு அதிகம். ஒளிந்தால் சின்ன வழக்கும் பெரிசாகும். குடியை விட்டவருக்கு முதல் நாள் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். கோர்ட் படி ஏறும் அந்த ஒரு காலையும் அது மாதிரிதான். அதைத் தாண்டியவருக்கு, அடுத்த முறை கதவு தட்டும்போது பயப்பட ஒன்றும் இருக்காது.

உதவி எண்கள்

இலவச சட்ட உதவி: 15100
போதை மீட்பு ஆலோசனை, தேசிய உதவி எண்: 14446
மனநல ஆலோசனை, டெலி மானஸ்: 14416
தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை: 104

(இது பொதுவான தகவல் மட்டுமே. ஒவ்வொரு வழக்கின் தன்மையும் வேறு என்பதால், முடிவெடுக்கும் முன் வழக்கறிஞரையும் மருத்துவரையும் அணுகவும்.)